ரம்ப ஈயைத் தேடுவோர் முதலில் செடியைப் பாருங்கள்

பினாங்கின் பத்து காவானில் மிஞ்சியிருக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குள் போனால், மரத்தின் ஓலைக்கு முன்பே கண்ணில் படுவது பெரணிதான். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகளில் மண்ணும் ஈரமும் தங்கும். அதில் வேரூன்றி, அடிமுதல் கழுத்துவரை பெரணி மரத்தையே போர்த்தியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு மரத்தில் பத்துப் பன்னிரண்டு பச்சைப் புழுக்கள், நரம்பு மட்டும் மிஞ்சும்படி ஒரு பெரணி இலையைத் தின்றுகொண்டிருந்தன. அந்துப்பூச்சிப் புழு என்று நினைத்து ஒரு டப்பாவில் எடுத்து வந்தேன். வீட்டில் உருப்பெருக்கியில் பார்த்தபோது வயிற்றுப் பக்கத்தில் எட்டு ஜோடிக் கால்கள் இருந்தன. அந்துப்பூச்சிப் புழுவுக்கு அத்தனை கிடையாது. அவை ரம்ப ஈயின் புழுக்கள்.

அவை தின்ற பெரணி எது என்று நான் எழுதி வைக்கவில்லை. இலையும் எடுத்து வரவில்லை. வீட்டுப் பின்புறம் இருந்த வேறொரு பெரணியைப் போட்டேன், தொடக்கூட இல்லை. நான்கே நாளில் எல்லாம் செத்துப்போயின. மறுவாரம் அந்த மரத்தைத் தேடிப் போனால், பெரணியை அடியோடு உரித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். அந்தப் புழுக்களின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்ததற்கு அந்த டப்பாதான் காரணம்.

ரம்ப ஈ என்று சொன்னாலும் அது ஈ அல்ல. தேனீ, குளவி, எறும்பு ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்திலேயே மிகப் பழைய கிளை. பெண்ணின் வயிற்று நுனியில் ரம்பம் போன்ற ஒரு கருவி உண்டு. அதனால் இலையையோ தண்டையோ கீறி, அந்தக் கீறலுக்குள் முட்டை வைக்கும். யாரையும் கொட்டாது. உலகில் இதுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 8,000 இனங்கள். குளிர்நாடுகளில் இவை மிகுதி. நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் குறைவு. குறைவு என்பதால் பார்த்தவர்களும் குறைவு, எழுதியவர்கள் இன்னும் குறைவு. அதனால் பத்து காவானில் ஒருவர் கவனமாக எழுதி வைக்கும் ஒரு சிறு குறிப்புக்கும் மதிப்பு உண்டு.

செய்ய வேண்டியவை

1. கால்களை எண்ணுங்கள். மற்ற எந்த அடையாளத்தையும் விட இது எளிது. தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால்கள் ரம்ப ஈப் புழுவுக்கும் அந்துப்பூச்சிப் புழுவுக்கும் பொது. அவற்றுக்குப் பின்னால் வயிற்றில் இருக்கும் சதைக்கால்களைத்தான் எண்ண வேண்டும். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பெரும்பாலும் ஐந்து ஜோடி, அதற்குக் குறைவாகவும் இருக்கும். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் ரம்ப ஈ என்று கொள்ளலாம். இன்னொரு குறிப்பும் உண்டு. அந்துப்பூச்சிப் புழுவில் முன்கால்களுக்கும் சதைக்கால்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும். ரம்ப ஈப் புழுவில் ஒரே ஒரு வளையம்தான் காலில்லாமல் இருக்கும்; பிறகு வரிசை தொடங்கிவிடும்.

உருப்பெருக்கி கையில் இருந்தால் சதைக்காலின் அடியைப் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்கு அங்கே நுண்ணிய கொக்கிகள் வட்டமாகவோ பிறைபோலவோ இருக்கும். ரம்ப ஈப் புழுவுக்குக் கொக்கி இல்லை. கண்ணும் காட்டிக்கொடுக்கும்: ரம்ப ஈப் புழுவின் தலையில் பக்கத்துக்கு ஒரே ஒரு கரும்புள்ளி, அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பக்கத்துக்கு ஆறு வரை சிறு புள்ளிகள். இலைக்குள்ளே சுரங்கம் வைக்கும் ரம்ப ஈப் புழுக்களுக்கும் தண்டைத் துளைப்பவற்றுக்கும் சதைக்கால்கள் தேய்ந்து போயிருக்கும். அவற்றிடம் இந்தக் கணக்கு செல்லாது.

2. வளர்ந்த பூச்சி கிடைத்தால் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கும் எறும்புக்கும் ஒடுங்கிய இடுப்பு உண்டு. ரம்ப ஈக்கு இடுப்பே கிடையாது, மார்பும் வயிறும் ஒரே அகலத்தில் ஒட்டியிருக்கும். இறக்கை இரண்டு ஜோடி. ஈயாக இருந்தால் ஒரே ஜோடி. பிறகு உணர்கொம்பு. அது மூன்றே கணுக்களாக, கடைசிக் கணு மட்டும் நீண்டு இருந்தால் ஆர்ஜிடே குடும்பம். ஒன்பதையொட்டிப் பல கணுக்கள் இருந்தால் தெந்திரெடினிடே குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பம் வரை நீங்களே போய்விடலாம். இனத்தின் பெயர் வேண்டுமென்றால் பெண்ணின் ரம்பத்தை எடுத்து நுண்ணோக்கியில் அதன் பற்களைப் பார்க்க வேண்டும். அது வல்லுநர் வேலை.

3. புழுவைத் தொடுவதற்கு முன் செடியை முழுதாகப் படம் எடுங்கள். நான் தவறவிட்டது இதுதான். முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டு, பூவோ காயோ இருந்தால் அவையும். பெரணிக்குப் பூ கிடையாது. இலையின் அடியில் உள்ள வித்துப்பொட்டுகள்தான் அதற்கு முகவரி. செம்பனை அடியில் பரவலாகக் காணும் நெப்ரோலெபிஸ் பைசெராட்டாவில் அவை இலை ஓரத்தையொட்டி வட்ட வட்டமாக வரிசையில் இருக்கும். சதுப்புநிலத்தில் ஆளுயரம் வளரும் பியாய் ராயாவில் நுனிப் பக்கத்துச் சிற்றிலைகளின் அடிப்புறம் முழுவதையும் பழுப்பு நிறத் துணிபோல மூடியிருக்கும். பொட்டு இல்லாத இளம் இலையை மட்டும் கொண்டுவந்தால் தாவரவியல் படித்தவர்களும் கையை விரிப்பார்கள். ஆகவே பொட்டு உள்ள ஓர் இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். பூச்சிக்கும் இலைக்கும் ஒரே எண் கொடுங்கள்.

4. தேடும் இடத்தைச் செடியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். தெந்திரெடினிடே குடும்பத்தில் செலாண்டிரினே என்றொரு பிரிவு உண்டு. அதன் புழுக்களில் பெரும்பாலானவை பெரணியையே தின்பவை. ஆசிய வெப்பநாடுகளின் ரம்ப ஈக்களில் அந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்து காவானில் பெரணிக்குப் பஞ்சமில்லை. செம்பனை மரங்கள், வடிகால் ஓரங்கள், கடலோரச் சதுப்புக் காட்டின் விளிம்பு, ஆற்றோரத்தில் கறிக்குப் பறிக்கும் பூச்சுக் பாக்கு என எங்கும் பெரணிதான். அடுத்தது கடுகுக் குடும்பத்துச் செடிகள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ரோஜா வளர்ப்பவர்கள் அதன் தண்டையும் பார்க்க வேண்டும். ஆர்ஜே சாதியின் சில இனங்கள் ரோஜாத் தண்டை நீளவாக்கில் கீறி வரிசையாக முட்டை வைக்கும். தண்டு வளர வளர அந்தக் கீறல் வாய்பிளந்து நிற்கும்.

செடியைத் தேடாமல் வலை கட்டியும் பிடிக்கலாம். சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ், ரம்ப ஈக்களைத் தேடித்தான் 1930களில் பர்மாவுக்கு வந்தார். கூடாரத்துக்குள் நுழையும் பூச்சிகள் மேலே மேலே போய்க் கூரையின் மூலையில் கூடுவதைக் கவனித்து, கூடார வடிவிலேயே ஒரு வலையை உருவாக்கினார். 1937-ல் அதை எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும் பூச்சி ஆய்வாளர்கள் காட்டில் கட்டும் மலேஸ் வலை அதுதான். அதில் ரம்ப ஈ விழும், சந்தேகமில்லை. ஆனால் வலையில் விழுந்த பூச்சி எதைத் தின்று வளர்ந்தது என்று வலை சொல்லாது. அதைச் சொல்ல ஒருவர் குனிந்து இலையைப் புரட்டித்தான் ஆக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளாலும் தோட்டத்து மக்களாலும் இது முடியும். வலைக்கு முடியாத வேலை அது.

5. தின்ற தடத்தையும் படமெடுங்கள். ஓரத்திலிருந்து தின்றிருக்கிறதா, நடுவில் ஓட்டை போட்டிருக்கிறதா, நரம்பை விட்டிருக்கிறதா, அடித்தோலை மட்டும் சுரண்டியிருக்கிறதா என்பதெல்லாம் சாட்சி. கிழக்காசியாவைச் சேர்ந்த ஒரு சின்ன ரம்ப ஈயின் இளம்புழு எல்ம் மர இலையைப் பாம்பு ஊர்ந்ததுபோல வளைந்து வளைந்து தின்னும். அது 2003-ல் ஐரோப்பாவில் ஹங்கேரியிலும் போலந்திலும் தென்பட்டது. 2020-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கண்டார்கள். பூச்சியே கண்ணில் படாத இடத்திலும் அந்த வளைந்த தடம் அது வந்துபோனதைச் சொல்லிவிடுகிறது.

6. வளர்த்துப் பாருங்கள். புழுவைக் கொண்டு மட்டும் இனத்தின் பெயர் சொல்ல முடிவது அரிது. காற்றுப் போகும் மூடியுள்ள டப்பா, அடியில் இரண்டு விரற்கடை ஈரமான மண் அல்லது தேங்காய் நார்த்தூள், தினமும் அதே செடியின் புதிய இலை போதும். மண்ணைக் கொஞ்சம் சூடாக்கி ஆறவைத்துப் போடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். நம் வெக்கையில் ஒருநாள் எச்சத்தைத் துடைக்காமல் விட்டாலும் டப்பா நாறிவிடும். பல இனங்கள் கூடு கட்ட மண்ணுக்குள் போகும். புழுவைக் காணோம் என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு மாதமாவது காத்திருங்கள்.

கூட்டிலிருந்து வெளியே வருவது நீங்கள் வைத்த ரம்ப ஈயாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒட்டுண்ணிக் குளவி வரலாம், ஒட்டுண்ணி ஈ வரலாம். இடுப்பைப் பாருங்கள், இறக்கையை எண்ணுங்கள். ஒட்டுண்ணி வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எந்தப் புழுவிலிருந்து, எந்தச் செடியிலிருந்து என்ற விவரத்தோடு ஒட்டுண்ணி கிடைப்பது இன்னும் அரிது.

7. கூட்டமாக இருந்தால் இரண்டை மட்டும் பதம் செய்யுங்கள். உயிருள்ள புழுவை அப்படியே சாராயத்தில் போட்டால் கறுத்துச் சுருங்கிவிடும். கொதி அடங்கிய வெந்நீரில் சில நொடி போட்டு, பிறகு எழுபது எண்பது விழுக்காட்டுச் சாராயத்துக்கு மாற்றினால் வடிவம் நிற்கும். மரபணுப் பரிசோதனைக்கு வேண்டுமென்றால் தனியாக ஒன்றைத் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாராயத்தில் வையுங்கள். ஒரு காலே போதும். அதிலிருந்து 658 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டைப் படித்து, உலகத் தரவுகளோடு ஒப்பிடுகிறார்கள். புழுவும் வளர்ந்த பூச்சியும் ஒரே இனம்தானா என்பதை வளர்க்காமலே சொல்ல அது நல்ல வழி. குறிப்புச்சீட்டை மைப்பேனாவால் எழுதாதீர்கள், சாராயத்தில் கரையும். பென்சிலால் எழுதிச் சீட்டைச் சீசாவுக்குள்ளேயே போடுங்கள். இடம், தேதி, செடி, பிடித்தவர் பெயர் இருந்தால் போதும்.

8. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். மட்டை வெட்டும் அண்ணனுக்கும் களை எடுக்கும் அக்காவுக்கும் பூச்சியின் லத்தீன் பெயர் தெரியாது. எந்த மரத்தில், எந்த மழைக்குப் பிறகு, எந்தப் பெரணி மொட்டையாகும் என்று அவர்களுக்குத் தெரியும். சொன்னவர் யார் என்பதையும், அவர் அனுமதித்தால், குறிப்பில் எழுதுங்கள்.

9. இடத்துக்குரியவரிடம் அனுமதி கேளுங்கள். தோட்டம் என்றால் நிர்வாகியிடம். பைராம் போன்ற சதுப்புநிலக் காப்புக்காடு என்றால் வனத்துறையிடம். அனுமதியில்லாமல் பிடித்த பூச்சியை எந்த ஆய்வுநிலையமும் வாங்கத் தயங்கும். அடையாளம் காண உதவி வேண்டுமென்றால் பினாங்கிலேயே மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கெப்போங்கில் வன ஆய்வுக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் போகிறவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பார்த்து வரலாம்.

செய்யக்கூடாதவை

1. பூச்சி உட்கார்ந்திருந்த செடியை அதன் உணவுச் செடி என்று எழுதாதீர்கள். பூச்சியியல் ஏடுகளிலும் இந்தத் தவறு உண்டு. வளர்ந்த ரம்ப ஈ தேனுக்காக எந்தப் பூவிலும் உட்காரும்; கூடு கட்ட இடம் தேடி இறங்கும் புழு வழியில் எந்தச் செடியிலும் ஏறும். ஜப்பானில் கண்ட ஓர் உண்மையைக் கேளுங்கள். அங்குள்ள அத்தாலியா இனத்தின் புழு கடுகுக் குடும்பத்துச் செடிகளைத் தின்கிறது. வளர்ந்த பூச்சியோ கிளெரோடென்ட்ரம் என்ற, கடுகுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு செடியின் இலைக்குப் போய் அதன் மேற்பரப்பைக் கடிக்கிறது. பசிக்காக அல்ல, அந்த இலையின் கசப்புப் பொருளை உடம்பில் ஏற்றிக்கொண்டால் எதிரிகள் அண்டாது. விவரம் தெரியாமல் பார்ப்பவர், கடித்த இலையும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது என்று அந்தச் செடியை உணவுச் செடிப் பட்டியலில் சேர்த்துவிடுவார். புழு தின்பதைக் கண்ணால் பார்த்தீர்களா, அந்தச் செடியிலேயே அது முழுதாக வளர்ந்து முடித்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் உணவுச் செடி என்று எழுதுங்கள். இல்லையென்றால் ‘இந்தச் செடியில் கண்டது’ என்று மட்டும் எழுதுங்கள்.

2. பட்டினி போட்டுச் சோதிக்காதீர்கள். வேறு செடி தின்னுமா என்று பார்க்க, ஒரே ஒரு இலையைப் போட்டுப் பூட்டிவைத்தால் உயிர்போகிற நிலையில் எதையாவது கடிக்கும். அது உணவு ஆகாது. உரிய இலையோடு மற்ற இலைகளையும் சேர்த்து வைத்து, எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள்.

3. வேதிப்பொருள் ஒத்துப்போகிறது என்று ஊகித்து எழுதாதீர்கள். கடுகுக்குக் காரத்தைக் கொடுக்கும் வகைப் பொருள் முருங்கையிலும் பப்பாளியிலும் உண்டு. அதனால் கடுகு ரம்ப ஈ முருங்கையையும் தின்னும் என்று யாரும் எழுதிவிடக்கூடாது. உறவு ஒரு துப்புதான். துப்பு கிடைத்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

4. கைப்பேசிச் செயலி சொன்ன பெயரை அப்படியே ஏற்காதீர்கள். செயலிகள் படித்த படங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. பத்து காவான் பெரணியில் கண்ட புழுவுக்கு அது இங்கிலாந்துப் பூச்சியின் பெயரைத் தயங்காமல் சொல்லும். ‘ரம்ப ஈ, செலாண்டிரினே பிரிவு, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. தவறான இனப்பெயரைவிட அந்த வரிக்கு ஆயிரம் மடங்கு மதிப்பு.

5. வெறுங்கையால் அள்ளாதீர்கள். ரம்ப ஈப் புழு கடிக்காது, கொட்டாது. ஆனால் செம்பனையில் நத்தைபோல ஒட்டிக்கிடக்கும் முள்புழுக்கள் உண்டு; தொட்டால் நெருப்புப் பட்டதுபோல எரியும். அடையாளம் தெரியும்வரை எல்லாப் புழுவையும் தூரிகையால் எடுங்கள். ரம்ப ஈப் புழுக்களிலும் விஷம் உள்ளவை இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் யூகலிப்டஸ் மரத்தடியில் குவிந்து கிடந்த ஒரு வகை ரம்ப ஈப் புழுக்களைத் தின்று மாடுகள் செத்திருக்கின்றன. ஆடு மாடு கட்டும் இடத்தில் பிடித்த புழுக்களைக் கொட்டாதீர்கள்.

6. உயிரோடு வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகாதீர்கள். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருப்பது இதற்காகத்தான். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு சின்ன ரம்ப ஈ ஒரு தீவையே மாற்றிய கதை நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

பத்து காவானில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அதே நூற்றாண்டில், அதே கரும்புக்காக, இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் உள்ள ரெயூனியன் தீவுக்கும் தமிழர்கள் போனார்கள். ஆட்களைப் போலவே செடிகளும் கடல் கடந்தன. நம் தென்கிழக்காசியக் காடுகளைச் சேர்ந்த ரூபஸ் அல்செய்போலியஸ் என்ற முட்கொடி அந்தத் தீவில் புகுந்து, தடுப்பாரின்றிப் பரவி, வேறெங்கும் இல்லாத அந்தத் தீவின் காட்டு மரங்களை மூடி அழித்தது. வெட்டினால் துளிர்த்தது, மருந்தடித்தால் மீண்டும் வந்தது. கடைசியில் ஆய்வாளர்கள் கொடியின் சொந்த மண்ணிலேயே அதன் எதிரியைத் தேடினார்கள். சுமத்ராவில் ஒரு ரம்ப ஈ கிடைத்தது. சிப்டெலா ஜாந்தினா. ஆர்ஜிடே குடும்பம், நீலமாக மின்னும் உடம்பு. பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் அதன் ஊர்.

அது அந்த முட்கொடியை மட்டும்தான் தின்னுமா, அதன் உறவான மற்றச் செடிகளையும் தின்னுமா என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். நான் மேலே சொன்ன உணவுச் செடிக் கேள்விதான். அங்கே அதன் விடையில் ஒரு தீவின் காடு தொங்கியது. 2008-ஐ ஒட்டி அந்த ஈயை ரெயூனியனில் விட்டார்கள். தாழ்ந்த நிலப்பகுதிகளில் முட்கொடி பெரும்பரப்பில் மொட்டையாகிக் காய்ந்தது. ‘நீல ஈ’ என்று ஊரே பேசியது. தேனீ வளர்ப்பவர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கொடியின் பூவும் அவர்களுக்குப் பிழைப்பாக இருந்தது. உயரமான, குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஈயால் அந்த அளவுக்கு நிலைக்க முடியவில்லை. விட்டது விட்டதுதான், திரும்ப அழைக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் சோதித்து விட்ட பூச்சிக்கே இந்த நிலை என்றால், ஒரு டப்பாவில் ஆசைக்காக எடுத்துப்போகும் பூச்சியைப் பற்றி என்ன சொல்வது? வளர்த்து முடித்தவற்றை, எங்கே எடுத்தீர்களோ அதே செடியில் விடுங்கள்.

7. அடையாளம் தெரியும் முன் மருந்தடிக்காதீர்கள். செம்பனையில் கூட்டைச் சுமந்து திரியும் அந்துப்பூச்சிப் புழுவுக்கு எதிராக பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து தெளிக்கிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களும் கடையில் வாங்கி அடிக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் வழக்கமாக விற்கும் வகை பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலில் மட்டுமே வேலை செய்யும். ரம்ப ஈப் புழு அதைத் தின்றுவிட்டு அடுத்த இலைக்குப் போகும். கால்களை எண்ணாதவர், மருந்து சரியில்லை என்று அடுத்ததாகக் கடுமையான விஷத்துக்குப் போவார். அது தேனீயையும் ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொல்லும். கால்களை எண்ண அரை நிமிடம் ஆகும்.

வீட்டில் சாவிக் கீரை, முள்ளங்கி போடுவோருக்குத் தனியாக

தமிழ் வாசகர்கள் பெயரோடு அறிந்த ரம்ப ஈ என்றால் கடுகு ரம்ப ஈதான். அத்தாலியா லூகென்ஸ் பிராக்சிமா என்று ஏட்டில் இருக்கும். இந்தியாவில் கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், டர்னிப் எல்லாம் அதன் உணவு. வட இந்தியாவில் அக்டோபர் முதல் மார்ச் வரை அதன் காலம். வளர்ந்த பூச்சி ஆரஞ்சு மஞ்சள் உடம்பும் கருந்தலையும் புகைபிடித்தது போன்ற இறக்கையும் கொண்டது. இலை ஓரத்தைக் கீறி முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். புழு கரும்பச்சை, முதுகில் ஐந்து கோடுகள், எட்டு ஜோடிச் சதைக்கால். முட்டையிலிருந்து பூச்சிவரை ஏறத்தாழ ஒரு மாதம்.

அதை மற்றவற்றிலிருந்து பிரிக்க ஒரு தூரிகை போதும். மெல்லத் தொடுங்கள். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு பின்னோக்கித் துள்ளி நூலில் தொங்கும். கடுகு ரம்ப ஈப் புழுவோ சுருண்டு தரையில் விழுந்து செத்ததுபோல் கிடக்கும். குத்தூசி குத்தியதுபோல் இலையெங்கும் சிறு ஓட்டைகள், புழுவே இல்லை என்றால் அது தெள்ளு வண்டின் வேலை.

விழும் பழக்கத்தையே நமக்குச் சாதகமாக்கலாம். காலையிலும் மாலையிலும்தான் அது மேலே இருந்து மேயும். வெயிலில் மண்ணோடு ஒளிந்துகொள்ளும். ஆகவே காலை எட்டு மணிக்குள், செடியின் அடியில் சோப்புத் தண்ணீர் உள்ள தட்டைப் பிடித்து உலுக்குங்கள். பத்துச் செடி உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் மருந்து தேவையில்லை. உச்சி வெயிலில் போய்த் தேடிவிட்டு, புழு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொத்திப் புரட்டுங்கள். கூடுகள் மேலே வந்தால் மைனாக்கள் பார்த்துக்கொள்ளும். புரட்டும் முன் மூன்று நான்கு கூடுகளை ஒரு சீசாவில் எடுத்து வையுங்கள். அந்தப் பூச்சி உங்கள் வீட்டு வாசலில் இருந்தது என்பதற்கு வேறு சான்று இருக்காது.

பத்து காவானில் செம்பனை ஆண்டுதோறும் குறைகிறது. 2014-ல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைகளும் வீட்டு வரிசைகளும் வேகமாக வந்துவிட்டன. மரம் விழும்போது அதன் பெரணியும் விழுகிறது, பெரணியோடு அதைத் தின்ற புழுவும் போகிறது. அடுத்த மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் ஒரு பென்சிலும் ஒரு பழைய செய்தித்தாளும் கொண்டுபோங்கள். நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு பெரணி இலையைக் கண்டால் நில்லுங்கள். கால்களை எண்ணுங்கள், அதற்கு முன் அந்தப் பெரணியில் பொட்டுள்ள ஓர் இலையைப் பறித்து வையுங்கள்.